பருத்திக் காட்டில் பிறந்த பணிவான வீரன்

குத்துச்சண்டை என்று சொன்னால் போதும், நம் தோட்டத்துப் பெரியவர்கள் உடனே முகமது அலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 1975 ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கிலே ஜோ பக்னரோடு 15 சுற்றும் நின்று மோதி ஜெயித்தாரே, அதை மறக்க முடியுமா? தன்னை மிஞ்ச ஆளில்லை என்று உலகத்துக்கே முழங்கிய வீரர் அவர். அவருக்கு வாயும் கையும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

ஆனால் இன்று நாம் சொல்லப் போவது அலிக்கு முந்திய தலைமுறையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி. அவர் அதிகம் வாய் திறக்க மாட்டார். கைதான் பேசும். ஹெவிவெயிட் பிரிவில் உலக வீரர் பட்டத்தை 11 ஆண்டு 8 மாதம் விடாமல் வைத்திருந்தார். 25 தடவை அந்தப் பட்டத்தைக் காப்பாற்றினார். அந்தப் பிரிவில் இன்றுவரை அந்தக் கணக்கை எவரும் தாண்டவில்லை. அவர் பெயர் ஜோ லூயிஸ்.

பட்டம் வென்றவர்கள் எத்தனையோ பேர். இவரை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டோம் என்று கேட்கிறீர்களா? இவரும் நம்மைப் போல் காட்டு வேலைக் குடும்பத்துப் பிள்ளை. அதுதான் காரணம்.

வாரக் கணக்கு

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்றொரு மாநிலம். அங்கே லஃபாயெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1914 மே 13-இல் லூயிஸ் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. பெற்றோர் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்கள்.

வாரம் என்றால் என்ன? நிலம் வெள்ளைக்கார முதலாளியுடையது. விதை, ஏர், கோவேறு கழுதை, வீட்டுக்கு வேண்டிய மளிகை எல்லாம் கடன். வருஷம் பூரா பாடுபட்டுப் பருத்தி எடுத்தால் அதில் ஒரு பங்கு முதலாளிக்கு. மிச்சத்தில் கடனைக் கழிப்பார்கள். கணக்குப் புத்தகம் யார் கையில்? முதலாளி கையில்! வருஷக் கடைசியில் பார்த்தால் கடன் அப்படியே நிற்கும். கடன் தீராமல் ஊரைவிட்டுப் போகவும் முடியாது.

கப்பல் செலவு என்றும் முன்பணம் என்றும் கங்காணி எழுதி வைத்த கடனைத் தீர்க்கவே நம் தாத்தா பாட்டிமார் வருஷக்கணக்கில் பால் வெட்டிய கதை உங்களுக்குத் தெரியும். கடல் வேறு, பயிர் வேறு. கணக்கு மட்டும் ஒன்றுதான் பாருங்கள்!

லூயிசுக்கு இரண்டு வயது இருக்கும்போது அப்பா புத்தி பேதலித்து மனநோய் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். 1926-இல் குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குப் பிழைப்புத் தேடிப் போனது. பையன் உருப்பட வேண்டுமே என்று அம்மா வயலின் வகுப்புக்குக் காசு கொடுத்தார். பையனோ அந்தக் காசைக் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டினான்! ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார். 1934-இல் தொழில்முறைச் சண்டைக்காரர் ஆனார்.

கையில் காசு வந்ததும் அவர் செய்த ஒரு காரியம் நம் மனசைத் தொட்டது. பஞ்ச காலத்தில் தம் குடும்பம் வாங்கிய உதவித் தொகையை டெட்ராய்ட் நகராட்சிக்கே திருப்பிக் கட்டினார். யாரும் கேட்கவில்லை. அவராகவே கட்டினார்.

விழுந்த இடத்தில் கற்ற பாடம்

லூயிசின் பணிவு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் 1908-இல் பட்டத்தை வென்றார். தோற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார், கேலி பேசினார். வெள்ளையர்களுக்குப் பொறுக்கவில்லை. 1915-இல் ஜான்சன் தோற்ற பிறகு 22 ஆண்டுகளுக்கு எந்தக் கறுப்பினத்தவருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கொடுக்கவில்லை.

அதனால் லூயிசின் மேலாளர்கள் முதலிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. எதிராளியைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசாதே. நியாயமாகச் சண்டை போடு. இதெல்லாம் அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். அப்படியானால் அது நிஜப் பணிவா, பயத்தில் வந்த பணிவா? இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கைதான் பதில் சொன்னது.

1936 ஜூன் 19-இல் ஜெர்மனி நாட்டு மாக்ஸ் ஷ்மெலிங் லூயிசை 12-ஆவது சுற்றில் வீழ்த்தினார். தொழில்முறைச் சண்டையில் லூயிசுக்கு அதுதான் முதல் தோல்வி. இடது கையால் குத்திவிட்டுக் கையை இழுக்கும்போது லூயிஸ் அதைச் சற்றே தாழ்த்திவிடுவார். அந்தக் கண நேரம் முகம் திறந்து கிடக்கும். ஷ்மெலிங் அதைக் கவனித்து வைத்திருந்தார். சரியாக அந்த நேரத்தில் வலது கையை இறக்கினார். லூயிசோ பயிற்சியைக் குறைத்துவிட்டுக் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தவர்.

தோற்றதும் லூயிஸ் யாரையும் பழிக்கவில்லை. திரும்பப் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். தாழ்ந்த அந்த இடது கையைச் சரிசெய்தார். பெரிய வீரன் என்று பேர் எடுத்த பிறகு "எனக்கு ஒரு குறை இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டு பாடம் படிப்பது எவ்வளவு கஷ்டம்! பணிவு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இரண்டு நிமிடம் நான்கு விநாடி

1937 ஜூன் 22-இல் சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கோடு மோதினார். முதல் சுற்றிலேயே லூயிஸ் கீழே விழுந்தார். எழுந்தார். 8-ஆவது சுற்றில் பிராடக்கைச் சாய்த்துப் பட்டத்தை வென்றார். ஊரெல்லாம் கொண்டாட்டம். லூயிஸ் மட்டும், ஷ்மெலிங்கை ஜெயிக்கும் வரை என்னை உலக வீரன் என்று சொல்லாதீர்கள் என்றார்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1938 ஜூன் 22-இல் நியூயார்க் யாங்கி அரங்கில் அந்தச் சண்டை நடந்தது. 70,000 பேர் கூடியிருந்தார்கள். அது வெறும் விளையாட்டாக இல்லை. தன் இனமே உயர்ந்த இனம் என்று கொக்கரித்துக்கொண்டிருந்த ஹிட்லர் ஆட்சி, ஷ்மெலிங்கைத் தன் ஆளாகக் காட்டிக்கொண்டது. உலகமெங்கும் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம்.

மணி அடித்தது. லூயிஸ் பாய்ந்தார். மூன்று தடவை ஷ்மெலிங் தரையில் விழுந்தார். மொத்தமே இரண்டு நிமிடம் நான்கு விநாடி. சண்டை முடிந்தது! பருத்தி எடுத்த குடும்பத்துப் பிள்ளை, இனத் திமிர் பேசியவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

விழுந்தவரை அவர் ஏளனம் செய்யவில்லை. ஷ்மெலிங்கும் நாஜிக் கட்சியில் சேராதவர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்களை வேட்டையாடியபோது இரண்டு யூதப் பையன்களைத் தம் அறையில் ஒளித்துக் காப்பாற்றியவர் அவர்.

பணிவு வேறு, குனிவு வேறு

1942-இல் உலகப் போர். பட்டி பேயரோடு மோதிப் பெற்ற பணத்தைக் கடற்படையினர் குடும்ப நிதிக்குக் கொடுத்தார். கறுப்பினத்தவருக்குச் சமையல் கட்டு, சாப்பாட்டுக் கூடம் தவிர வேறு வேலை தராத கடற்படை அது! அடுத்து ஏப் சைமனோடு மோதிய பணத்தை ராணுவ நிவாரணத்துக்குக் கொடுத்தார். தாமும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அமெரிக்காவில் குறைகள் நிறைய உண்டு, ஆனால் அதை ஹிட்லர் வந்து தீர்க்கப் போவதில்லை என்பது அவருடைய எண்ணம்.

இவ்வளவு சாதுவான மனிதர் எதற்கும் தலையாட்டுவார் என்று நினைத்துவிடாதீர்கள். 1944-இல் அலபாமாவில் ஒரு ராணுவ முகாம். பேருந்துக்குக் காத்திருந்தபோது ராணுவப் போலீஸ்காரர் ஒருவர், கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போகச் சொன்னார். லூயிஸ் மறுத்தார். கூட இருந்த இன்னொரு குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போதும் லூயிஸ் இணங்கவில்லை. பிறந்த மாநிலத்திலேயே, போட்டிருந்த சீருடையோடு, "நானும் மனுஷன்தான்" என்று காட்டிவிட்டு வெளியே வந்தார்.

தோழர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். பணிவு வேறு, குனிவு வேறு. துரையின் கார் வந்தால் வழிவிட்டு ஒதுங்கி, தலைப்பாகையைக் கழற்றி நின்ற காலம் ஒன்று நமக்கும் இருந்தது. அதற்குப் பணிவு என்று பேர் வைத்தார்கள். அது பணிவு அல்ல, பயம். ஜெயித்த இடத்தில் தலைக்கனம் இல்லாமல் இருப்பது பணிவு. மரியாதை பறிபோகும் இடத்தில் நிமிர்ந்து நிற்பது வீரம். இரண்டும் ஒரே மனிதனிடம் இருக்க முடியும் என்று லூயிஸ் வாழ்ந்து காட்டினார்.

கைவிட்ட கணக்கு

அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய சோகமும் உண்டு. லட்சக் கணக்கில் சம்பாதித்த மனிதர் கடைசியில் கடனாளி ஆனார். கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார், தாமும் தாராளமாகச் செலவு செய்தார். கணக்கை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டார். போர் நிதிக்குக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து அரசாங்கம் வருமான வரி கேட்டது. வரிக் கடன் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. அப்பா காலத்தில் முதலாளியின் கணக்குப் புத்தகம், மகன் காலத்தில் வரி ஆபீஸ் புத்தகம்!

அந்தக் கடனுக்காகத்தான் ஓய்வு பெற்றவர் மறுபடியும் மேடை ஏறினார். 1951 அக்டோபர் 26-இல், 37 வயதில், இளம் வீரர் ராக்கி மார்சியானோவிடம் 8-ஆவது சுற்றில் விழுந்தார். சின்ன வயசிலிருந்து தாம் போற்றிய வீரரை அடித்து வீழ்த்த வேண்டியதாயிற்றே என்று மார்சியானோ அழுதுவிட்டார். லூயிஸ் அழவில்லை. திறமைசாலி ஜெயித்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பிறகு வயிற்றுப்பாட்டுக்கு மல்யுத்தம்கூடச் செய்தார். முதுமையில் லாஸ் வேகாசில் ஒரு சூதாட்ட விடுதியில் வருபவர்களை வரவேற்கும் வேலை. அந்த நாளில் அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பழைய எதிராளி மாக்ஸ் ஷ்மெலிங்! 1954-இல் தேடி வந்து பார்த்தவர், கடைசிவரை நண்பராக இருந்தார். 1981 ஏப்ரல் 12-இல் லூயிஸ் காலமானபோது ஈமச் செலவுக்கும் உதவினார். ராணுவ வீரர்கள் உறங்கும் ஆர்லிங்டன் மயானத்தில் லூயிசை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மேடையில் வீழ்த்தியவரையே நண்பராக்கிக்கொண்ட பணிவுக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறு வேண்டுமா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பந்து விளையாட்டிலோ ஓட்டத்திலோ சிலம்பத்திலோ ஜெயித்து வந்தால் தட்டிக் கொடுங்கள். தோற்று வந்தாலும் திட்டாதீர்கள். எந்த இடத்தில் கை தாழ்ந்தது என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இளைஞர்களே, சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் நீங்களே படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. உழைத்தவன் கணக்கு உழைத்தவன் கையில்தான் இருக்க வேண்டும்.