அணிலுக்கு எரிகிறது, குருவிக்கு ஏன் எரிவதில்லை?

மார்கழிக் காலையில், செங்கற்பட்டுப் பக்கத்து வீடொன்றின் தாழ்வாரத்தில் சிட்டுக்குருவிகளுக்கென்று கட்டித் தொங்கவிட்ட நெற்கதிர்க் குஞ்சத்தை, முதுகில் மூன்று வரி கொண்ட அணிலார் கயிற்றின் வழியே தலைகீழாக இறங்கிவந்து, முன்னங்கால்கள் இரண்டாலும் ஒரு கதிரைப் பற்றி, உமியை உதிர்த்து உண்ணும் சாமர்த்தியத்தைக் கண்டவர்கள், அவரைத் தடுக்கும் உபாயம் அடுக்களையிலேயே இருப்பதை அறிந்தால் வியப்பார்கள். அது மிளகாய்.

காரத்துக்குக் காரணமான காப்சைசின், பாலூட்டிகளின் நரம்பு நுனியில் சுமார் 43 பாகைச் சூட்டுக்குத் திறக்கவேண்டிய ஒரு வாயிலைச் சூடில்லாமலேயே திறந்துவிடுவதால், நாக்கு வெந்ததாக மூளை மயங்குகிறது. பறவைகளுக்கும் அவ்வாயில் உண்டெனினும், அதன் அமைப்பிலுள்ள சிறு பேதத்தால் காப்சைசின் அதனைத் திறப்பதில்லை. (1997-இல் இவ்வாயிலைத் தம் குழுவினருடன் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) செடிக்கும் இதில் சுயநலம் உண்டு: கொறிக்கும் பிராணி விதையைக் கடித்து நாசமாக்கும், பறவையோ விழுங்கியதை முளைக்கும் பக்குவத்திலேயே வேறிடத்தில் எச்சமிடும். பழுத்த மிளகாயைக் கிளி கண்கலங்காமல் தின்னும் ரகசியம் இதுவே.

தூளை அப்படியே தூவினால், மாமல்லபுரத்துக் கடற்காற்று அதை அணிலுக்கு முன்பாக நம் கண்ணில் சேர்க்கும். ஆகவே சிறிது நல்லெண்ணெயில் குழைத்து, தானியத்தோடு பிசிறி வைப்பதே உசிதம்.