அப்பாவின் கேட்டும் கணிப்பொறியின் சோதனையும்

என் தந்தையார் ரயில்வே கேட் கீப்பர்; ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். "காலேஜில் என்னப்பா படிக்கிறே?" என்று சென்ற விடுமுறையில் கேட்டார். மென்பொருளைச் சோதிக்கும் முறையை அவருடைய கேட்டை வைத்தே விளக்கினேன். நண்பர்களுக்கும் அதையே கூறுகிறேன்.

கேட் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். பூட்டியிருக்கும் அல்லது பூட்டாதிருக்கும். சிக்னல் சிவப்பு அல்லது பச்சை. கணக்கிட்டால் 8 நிலைகள். இருக்கத்தக்கவையோ 4 மட்டுமே. மூடிப் பூட்டிய பிறகே பச்சை விழலாம். எந்த நிலையில் எதைச் செய்தால் எந்த நிலை வரும் என்று அம்புக்குறிகளால் வரைந்து காட்டுவதே 'மாதிரி' எனப்படும்.

இம்மாதிரியைப் பெற்ற கணிப்பொறி, ஒவ்வோர் அம்புக்குறியையும் ஒரு முறையேனும் கடக்கும்படி செயல் வரிசைகளைத் தானே அமைக்கும். வரவேண்டிய விடையையும் குறிக்கும். பச்சை எரியும்போது பூட்டைத் திறக்க முயன்றால்? திறக்கக்கூடாது என்பதே விடை. பின்பு உண்மையான மென்பொருளை இயக்கி, இரண்டையும் ஒப்பிடுவர்.

சோதனைகளை மனிதரே எழுதினால் போதாதா? தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரத்தின் கதையைக் கேளுங்கள். முந்தைய இயந்திரங்களில் இருந்த பாதுகாப்புப் பூட்டமைப்புகளை இதில் நீக்கிவிட்டு, மென்பொருளையே நம்பினர். 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். 1986இல் அமெரிக்காவின் டைலர் நகரில் நடந்தது இது: எக்ஸ்ரே என்று தவறாகத் தட்டிய பணியாளர், 8 விநாடிக்குள் எலெக்ட்ரான் என்று திருத்தினார். திரையில் திருத்தம் தெரிந்தது. இயந்திரத்துக்குள் அது முழுமையாகப் போய்ச் சேரவில்லை. மெதுவாகத் தட்டியவரை வெளிப்படாத பிழை, கை பழகி வேகம் கூடியதும் உயிரைக் குடித்தது.

'திருத்தம் எந்த விநாடியிலும் வரலாம்' என்று மாதிரியில் எழுதியிருந்தால், மனிதர் நினையாத அந்த வரிசையையும் கணிப்பொறி சலியாமல் முயன்றிருக்கும்.

எல்லாம் கேட்ட தந்தையார், "படம் போடறவன் தப்பாப் போட்டா?" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. மாதிரி பிழையானால் சோதனையும் பிழையே. எல்லாம் சரி என்று சொல்லிவிடும்!

ஆகவே நண்பர்களே, நாளை நாம் மாதிரி வரையும்போது, இரவெல்லாம் கேட்டடியில் விழித்திருப்பவரை முதலில் கேட்போம். படிக்காதவர் என்று நாம் நினைக்கும் அவரிடம்தான் நாம் வரையத் தவறும் அம்புக்குறி இருக்கக்கூடும்.