பேத்திக்கு எந்தப் பியானோ?

மைசூருக்குப் பியானோ புதிதல்ல. மகாராஜா ஜயசாமராஜ உடையார் 1945-இல் லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்றவர். ரஷ்ய இசைமேதை மெட்னரின் ஒலிப்பதிவுகளுக்குப் பொருளுதவி செய்தவர். பென்ஷன் பணத்தில் வாங்கும் நமக்குத்தான் குழப்பம்: மலிவான பழைய மரப்பியானோவா, டிஜிட்டலா?

ரயில்வேக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது இழுவிசை. சுமார் 230 கம்பிகள் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டத்தை ஏறத்தாழ 18 டன் இழுக்கின்றன. சரக்கு வேகனின் ஓர் அச்சு தாங்கும் சுமைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு! வீணைப் பிரடை போன்ற முளைகளைப் பிடித்திருக்கும் பலகை விரிசல் கண்டிருந்தால் சுருதி நிற்காது. மழைக்கால ஈரத்தில் ஒலிப்பலகை வேறு உப்பும். பழுதுச் செலவு வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே, 88 கட்டைகளும் அழுத்தினால் கனம் தெரிகிற டிஜிட்டலையே வாங்கினோம். ஹெட்போன் மாட்டினால் அண்டை வீட்டாரும் தூங்கலாம். பேத்திதான், "விரல்ல அதிரவே இல்லையே, தாத்தா!" என்றாள். நியாயந்தான். சனிக்கிழமைகளில் டீச்சர் வீட்டு மரப்பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.