முள் நகராவிட்டால் என்ன?

எடை பார்க்கும் யந்திரத்தில் முள் நகரவில்லையே என்று மனம் சோர்ந்து, நடைப்பயிற்சியையே விட்டுவிடுகிறவர்கள் பலர். அவசரம் வேண்டாம்! யந்திரம் பாரத்தைச் சொல்லும்; அது கொழுப்பா, தசையா என்று சொல்லாது.

இதற்கு இரண்டு டாக்டர்களே சாட்சி. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் லண்டன் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடம்பிலோ 21.2 பங்கு! 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படத்துடன் இதை வெளியிட்டார்கள்.

நாடா போதும்

நம்மவர் பலர் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கும். நீரிழிவுக்கு அதுவே வாசல். ஆகவே தையற்காரர் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டதும் அளவெடுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தாண்டினால், ஒல்லியானவர்களும் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

நாடியும் பேசும்

காலையில் விழித்ததும், படுக்கையிலிருந்தபடியே ஒரு நிமிஷம் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். சில மாதங்கள் விடாமல் வேகமாக நடந்தால், பெரும்பாலோருக்குத் துடிப்பு சற்றுக் குறையும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தம் இறைக்கிறது என்று அர்த்தம்.

கொழுப்பு கரைந்து தசை கூடும்போது முள் அசையாமல் நிற்கலாம். நாடா தளர்கிறதா? மாடிப்படி ஏறினால் முன்போல மூச்சு வாங்கவில்லையா? நடையை நிறுத்தாதீர்கள்!