‘பி’ வகைக் காமாலைத் தடுப்பூசி: காவல் எத்துணைக் காலம்?

தென்காசி வட்டாரத்தில் மஞ்சட்காமாலை என்றவுடன் நம் பெரியோர் கீழாநெல்லியை நினைவுகூர்வர். ஆயின் காமாலை பல நோய்களுக்குரிய அறிகுறியே. அந்நோய்களுள் கொடியது ‘ஹெபடைடிஸ் பி’ வைரஸால் விளையும் கல்லீரல் அழற்சி. இரத்தத்தின் வழியும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் இவ்வைரஸ், பல்லாண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கிக் கல்லீரற் புற்றுநோய் வரை கொண்டுவிட வல்லது.

இதற்கான தடுப்பூசி 2007-08இல் தமிழகம் உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு அரசுத் திட்டத்தின்கீழ் விரிவாக்கப்பெற்றது. அன்று தொட்டிற்பருவத்தில் ஊசி பெற்றோர் இன்று கல்லூரி வாயிலில் நிற்கின்றனர். செவிலியர் பயிற்சிக்குச் செல்வோருள் சிலர், தம் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்திருப்பது கண்டு, ஊசி பயனற்றுப் போயிற்றோ என அஞ்சுகின்றனர்.

கோடையில் குற்றாலப் பேரருவியின் வறண்ட பாறையைக் கண்டு, அருவியே அழிந்தது என்பார் உளரோ? ஆனியில் சாரல் தொடங்கியதும் நீர் பழைய தடத்திலேயே இறங்குகிறது. எதிர்ப்பொருளும் அத்தகையதே. அளவு குறையினும், வைரஸின் உருவை அறிந்த நினைவணுக்கள் உடலில் எஞ்சியிருக்கின்றன. இவ்வைரஸ் நோயாக முற்ற ஒன்றரை முதல் ஆறு திங்கள் ஆகும். நினைவணுக்கள் விழித்தெழச் சில நாள்களே போதும்.

அலாஸ்காவில் 1981இல் ஊசி பெற்றோரை முப்பது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தனர். 243 பேருள் 125 பேரிடமே எதிர்ப்பொருள் காவலுக்குரிய 10 அலகும் அதற்கு மேலும் இருந்தது. குறைந்திருந்தோருள் 85 பேருக்கு ஒரு தவணை கூடுதலாக இட, 75 பேரிடம் அது மீண்டும் உயர்ந்தது. ஆகவே, மூன்று தவணையும் முறையாகப் பெற்ற நலமுடையோர்க்கு ‘பூஸ்டர்’ வேண்டுவதில்லை என்பதே உலக நல நிறுவனத்தின் நிலைப்பாடு.

இதற்கு விலக்கும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்வோரும் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் அவ்வப்போது அளவைச் சோதித்தல் வேண்டும். மருத்துவப் பணிக்குச் செல்வோர், அளவு குறைந்திருப்பின் ஒரு தவணை பெற்று மீண்டும் சோதித்துக்கொள்வது தக்கது.

எம் கவலையெல்லாம் பெற்றோர் தலைமுறை பற்றியதே. அவர்களுட் பலர் இவ்வூசியை ஒருமுறையும் பெற்றதில்லை. உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் பிழைத்திருக்கும் வைரஸ் இது. சவரக்கடையில் பிளேடு மாற்றச் சொல்வதற்குக் கூசுதல் வேண்டா. பெரியவர்க்கும் முதல் நாள், ஒரு திங்கள், ஆறு திங்கள் என மூன்று தவணைகளே.