பாஸ்வேர்டு சரிதான்... ஆனாலும் லாகின் ஆகலையா? டயல்-அப் காலம் சொல்லித்தரும் பாடம்!

பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில், 'லாகின் செய்ய முடியவில்லை' என்று வரும். ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலோரத்தில் எங்கே சிக்னல் குறைந்தாலும் இந்தத் தலைவலிதான். உடனே பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்போம். சில தடவை தவறினால் கணக்கே லாக் ஆகிவிடும். மகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள் என்றால்?

பல நேரம் தப்பு பாஸ்வேர்டில் இல்லை, மெதுவான லைனில்தான். டயல்-அப் இணையம் பயன்படுத்திய தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும்.

'கீ... கர்ர்...' காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தொலைபேசி லைனில் மோடத்தை மாட்டி, நம்பரைச் சுழற்றி, 'கீ... கர்ர்...' சத்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளூரில் இணைப்பு எண் இல்லாதவர்கள் எஸ்.டி.டி போட வேண்டும். லாகின் தோற்றாலும் பில் ஏறும்!

பின்னாளில் வந்த 56 கே மோடத்தின் உச்ச வேகமே நொடிக்கு 7 கிலோபைட்தான். இன்று செல்போனில் எடுக்கும் 3 எம்.பி போட்டோ ஒன்றை அதில் அனுப்ப 7 நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக்காற்று பட்டு, தொலைபேசிக் கம்பியின் இணைப்புகள் அரித்துப்போகும். லைனில் இரைச்சல் ஏறினால் மோடம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பதில் தாமதமானால் சர்வர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லைனைத் துண்டித்துவிடும். பாஸ்வேர்டு அங்கே போய்ச் சேர்ந்தே இருக்காது.

எண் சொன்ன காரணம்

விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் காட்டும். எரர் 680 என்றால் டயல் டோன் இல்லை. 676 என்றால் லைன் பிஸி. 678 என்றால் எதிர்முனையில் பதில் இல்லை. 691 வந்தால் மட்டுமே யூஸர்நேம், பாஸ்வேர்டைச் சந்தேகப்பட வேண்டும்.

விண்டோஸ் 98-ல் இன்னொரு வைத்தியமும் இருந்தது. டயல்-அப் செட்டிங்கில் 'லாக் ஆன் டு நெட்வொர்க்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, டி.சி.பி/ஐ.பி-யை மட்டும் வைத்துக்கொண்டால் தேவையில்லாத காத்திருப்பு குறையும்.

தங்கச்சிமடத்தில் வானத்து லைன்

தொலைபேசிக் கம்பியை நம்பாமல் வேறு வழியும் தேடினார்கள். 2004-ல் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கிராம வள மையங்களைத் தொடங்கின. ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடமும் அதில் ஒன்று.

இன்று என்ன செய்யலாம்?

* முதலில் தேதி, நேரத்தைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

* கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால், அப்டேட்டையும் வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள்.

* லாகின் பட்டனை ஒரே ஒருமுறை அழுத்திக் காத்திருங்கள்.

* ஓ.டி.பி தாமதமானால் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பல ஓ.டி.பி வந்தால் பெரும்பாலும் கடைசியாக வந்தது மட்டும்தான் செல்லும்.

* இரண்டு முறை தோற்றால் நிறுத்துங்கள். சிக்னல் உள்ள இடத்துக்கு நகர்ந்து, மீண்டும் முயலுங்கள். பாஸ்வேர்டை மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

அமெரிக்காவின் ஏ.ஓ.எல் நிறுவனம்கூட 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு தன் டயல்-அப் சேவையை மூடிவிட்டது. ஆனால், லைன் மெதுவானால் லாகின் தோற்கும் என்பது மட்டும் மாறவில்லை. அதனால் எந்த விண்ணப்பத்தையும் கடைசி நாள் ராத்திரி வரை இழுக்காதீர்கள். நாலு நாள் முன்பே முடித்துவிட்டால், சிக்னல் போனாலும் மகளின் ஸ்காலர்ஷிப் போகாது!