பிரேக்கில் எண்ணெய் ஸ்பிரேயா? உஷார்! உப்புக்காத்து ஊரில் எந்த டப்பா எதற்கு?

மரக்காணம்:
சென்னை–புதுச்சேரி கிழக்கு கடற்கரை சாலையில் மரக்காணம் வந்ததும் சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். கண்ணுக்கு அழகுதான். வண்டிக்கு எமன்!

உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் உட்கார வைக்கிறது. ராத்திரி நிறுத்திய வண்டியின் டிஸ்க் பிளேட்டில் காலையில் செம்மண் பூசினாற்போல் துரு. நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் அது போய்விடும். அதைப் பார்த்துப் பதறி, கையில் கிடைத்த ஸ்பிரேயை அடிப்பதில்தான் ஆபத்து.

"எல்லாம் ஒண்ணுதானே, ஒரு டப்பா குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றே அல்ல!

ஏவுகணைக்கு வந்த எண்ணெய்

கடைகளில் தொங்கும் டபிள்யூ.டி.40, 1953-ல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் ஏவுகணைத் தகடு துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரானது. 40-வது முயற்சியில் பலித்ததால் அந்தப் பெயர். இறுகிய நட்டு, கிறீச்சிடும் கீல் ஆகியவற்றுக்கு ரொம்ப நல்லது. ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். டிஸ்க்கிலோ பிரேக் ஷூவிலோ அது பட்டால் பிடிமானம் போச்சு! பெடலை மிதித்தாலும் வண்டி வழுக்கும். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுவதே உத்தமம்.

மண்ணெண்ணெய், டீசலும் அப்படித்தான். பிரேக்கில் உள்ள ரப்பர் வாஷர்களையும் உப்ப வைத்துவிடும்.

பிரேக் கிளீனர் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்து, மிச்சமில்லாமல் காய்ந்துவிடும். பிரேக்குக்கு அதுதான். அதிலும் இரண்டு ரகம். ஒன்று குப்பென்று தீப்பிடிக்கும். குளோரின் கலந்த மற்றது லேசில் பற்றாது. ஆனால் அதை அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் போஸ்ஜீன் கிளம்பும். முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற விஷவாயு அது! டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தே வாங்க வேண்டும்.

கார்பரேட்டர் கிளீனர் இன்னும் காரம். ரப்பரையும் பெயிண்டையும் தின்னக்கூடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்பரேட்டர் இல்லை. பெரும்பாலும் பழைய வண்டிக்காரர்களுக்குத்தான் அது தேவை. கார் இன்ஜினில் காற்றை அளக்கும் சென்சார் இருந்தால் அதற்கென்றே தனி ஸ்பிரே உண்டு. வேறெதையும் அடித்தால் சென்சாருக்கு வேட்டு!

இன்ஜினின் மேல் அழுக்குக்கு டிகிரீஸர். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரையும் ஏர் பில்டரையும் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்வது நல்லது. ஒயர் இணைப்புகளுக்கு கான்டாக்ட் கிளீனர்.

முதலில் தண்ணீர்

உப்பைக் கரைப்பது இந்த ஸ்பிரேக்கள் அல்ல, சாதாரண நல்ல தண்ணீர்! வண்டியின் அடிப்பக்கத்தை முதலில் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட பிறகே டப்பாவைத் தொட வேண்டும். உப்பின் மேலேயே எண்ணெய் அடித்தால் உப்பு உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும்.

பழைய வண்டியின் பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, எல்லாம் காய்ந்தபின் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போகலாம்.